"பரிசு விழுந்திருக்கு" என்று ஒருவர் வந்தால்… லாட்டரி இயங்கும் விதமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

(இ-சேவை மையப் பணியாளர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு லாட்டரி. "தமிழ்நாட்டிலேதான் லாட்டரியே இல்லையே, அதைப் பற்றி நமக்கு எதற்குப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனைக்குத் தடை போட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடை போய்விட்டது, ஆனால் ஆசை போகவில்லை. அது செல்போனுக்குள் குடிபுகுந்துவிட்டது.

நாளைக்கே உங்கள் மையத்துக்கு ஒரு பெரியவர் வரலாம். போனை நீட்டி, "தம்பி, 25 லட்சம் பரிசு விழுந்திருக்காம். 12 ஆயிரம் வரி கட்டினா உடனே அனுப்புறாங்களாம். கொஞ்சம் இந்த நம்பருக்குப் போட்டு விடுங்க" என்று கேட்கலாம். அந்த நிமிடத்தில் அவருக்கும் அவருடைய சேமிப்புக்கும் நடுவே நிற்கிற கடைசி ஆள் நீங்கள்தான். "இதெல்லாம் ஃபிராடுங்க, போங்க" என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். அடுத்த கடையில் போய்க் கட்டிவிடுவார். ஏன் ஃபிராடு என்று அவருக்குப் புரியும்படி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு உண்மையான லாட்டரி எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நோட்டைத் தெரிந்தவனுக்குத்தான் கள்ள நோட்டு தெரியும்.

மூன்று விஷயம் சேர்ந்தால் லாட்டரி

லாட்டரி என்றால் மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். நாம் பணம் கட்ட வேண்டும். முடிவு அதிர்ஷ்டத்தால் மட்டும் தீர வேண்டும். பரிசு இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது லாட்டரி இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் கூடுதலாக வந்தால் குலுக்கல் நடத்துகிறோம். அந்த விண்ணப்பங்களை உங்களில் பலர் பதிவு செய்திருப்பீர்கள். அங்கே யாரும் பந்தயப் பணம் கட்டவில்லை. ஆகவே அது லாட்டரி அல்ல, பாரபட்சம் இல்லாமல் பங்கு வைக்கும் முறை.

முதல் விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாட்டரியில் பணம் கட்டுவது சீட்டு வாங்கும்போது மட்டும்தான். பரிசு விழுந்த பிறகு பணம் கட்டும் லாட்டரி உலகத்தில் எங்கேயும் கிடையாது. இதைத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

உலகத்தில் எப்படியெல்லாம் நடக்கிறது?

லாட்டரி பல வகை. பழைய வகை, எண் அச்சடித்த சீட்டு. ஸ்பெயின் நாட்டில் 1812-லிருந்து கிறிஸ்துமஸ் லாட்டரி இப்படித்தான் நடக்கிறது. டிசம்பர் 22-ஆம் தேதி காலையில் மாட்ரிட் நகரில், சான் இல்டெஃபோன்சோ பள்ளிக் குழந்தைகள் எண்ணையும் பரிசையும் ராகம் போட்டுப் பாடுவார்கள். 00000 முதல் 99999 வரை ஒரு லட்சம் எண்கள். சீட்டில் பத்தில் ஒரு பங்கின் விலை 20 யூரோ. அந்தப் பங்குக்கு முதல் பரிசு நான்கு லட்சம் யூரோ. சீட்டுகளின் மதிப்பில் 70 சதவீதத்தைப் பரிசாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது வகையில் எண்ணை நாமே தேர்ந்தெடுக்கிறோம். பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994-இல் தொடங்கியது. 49 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்ல வேண்டும். வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியே 40 லட்சத்தில் ஒன்று. 2015-இல் 49-ஐ 59 ஆக்கினார்கள். பத்து எண்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் வாய்ப்பு நாலரைக் கோடியில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. எண்ணிக்கையில் சின்ன மாற்றம் செய்தால் வாய்ப்பு எப்படி உருகிவிடுகிறது, பாருங்கள்.

அமெரிக்காவின் பவர்பால் இதைவிடப் பெரியது. 69-இல் ஐந்து, 26-இல் ஒன்று சரியாக வர வேண்டும். வாய்ப்பு 29 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. இதை எப்படிப் புரியவைப்பது? ஒன்பதேகால் வருடத்தில் எத்தனை நொடி இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை. அந்த ஒன்பதேகால் வருடத்தில் நான் மனதில் நினைத்த ஒரே ஒரு நொடியை நீங்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் போட்டி. யாருக்கும் விழாவிட்டால் முதல் பரிசுத் தொகை அடுத்த குலுக்கலுக்குச் சேர்ந்துகொண்டே போகும். 2022 நவம்பரில் அப்படிச் சேர்ந்து 204 கோடி டாலரானது. அந்தத் தொகையும் 30 தவணையாக வாங்கினால்தான். மொத்தமாகக் கேட்டால் சுமார் 100 கோடி டாலர். விளம்பரத்தில் வரும் தொகையும் கைக்கு வரும் தொகையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பவர்பாலில் விற்பனைப் பணத்தில் பாதிதான் பரிசுக்குப் போகிறது. இரண்டு டாலர் சீட்டு வாங்குகிறவர், வாங்கும்போதே ஒரு டாலரை விட்டுவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் வருகிறார். மீதியில் கடைக்காரர் கமிஷன், நடத்துகிற செலவு, மாநிலங்களின் நலத் திட்டங்கள். நேர்மையாக நடக்கும் லாட்டரியின் கணக்கே இதுதான். அது திருட்டு அல்ல. ஆனால் வாங்குகிற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் உறுதி. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று நம் ஊரில் ஒரு வாசகம் உண்டு, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு தொடங்கிய காலத்துப் பேச்சு அது. அந்த வாசகத்திலேயே கணக்கும் இருக்கிறது: வீட்டுக்கு வருவது எப்போதாவது, நாட்டுக்குப் போவது எப்போதும்.

மூன்றாவது வகை, மூன்று இலக்கம், நான்கு இலக்கம் என்று சின்ன எண்ணில் பந்தயம் கட்டுவது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், ஃபோர்-டி பற்றிச் சொல்வார்கள். அங்கே சட்டவிரோதச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தி, அதன் வழியாக மட்டும் நடத்துகிறார்கள்.

ஆன்லைனில் வந்தபோது என்ன மாறியது?

அமெரிக்காவில் முதன்முதலாக இலினாய் மாநிலம் 2012-இல் லாட்டரிச் சீட்டை இணையத்தில் விற்றது. இப்படி முறையாக நடக்கும் இடங்களில் வயதைச் சரிபார்ப்பார்கள், வாங்குகிறவர் அந்த எல்லைக்குள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரில் ஆன்லைன் கணக்குத் தொடங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிட்டனில் 2021-இல் வயது வரம்பை 16-லிருந்து 18 ஆக்கினார்கள். அடையாளமே கேட்காமல், "லிங்கை அமுக்குங்க, டிக்கெட் ரெடி" என்றால் அது முறையான விற்பனை இல்லை.

இன்னொன்று, சில வெளிநாட்டு இணையதளங்கள் உண்மையில் சீட்டே வாங்குவதில்லை. அந்தக் குலுக்கலின் முடிவு மேல் நம்மிடம் பந்தயம் வாங்குகிறார்கள். பக்கத்தில் பார்த்தால் பவர்பால் பெயர் இருக்கும். நம் பெயரில் சீட்டு இருக்காது.

குலுக்கலிலேயே தில்லுமுல்லு நடக்காதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1980 ஏப்ரலில் பென்சில்வேனியாவில், தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டிய குலுக்கலிலேயே மோசடி நடந்தது. 4, 6 தவிர மற்றப் பந்துகளில் பெயிண்டை ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். வந்த எண் 666. பிறகு பிடிபட்டார்கள். பந்து போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே கதைதான். அமெரிக்காவில் பல மாநிலங்களுக்குச் சேர்த்து லாட்டரி நடத்தும் சங்கத்தில் தகவல் பாதுகாப்பைக் கவனித்த எடி டிப்டன் என்பவரே, எண்ணை உருவாக்கும் மென்பொருளில் ரகசியக் கட்டளையை நுழைத்துவிட்டார். 2010-இல் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் பரிசுச் சீட்டில் சந்தேகம் வந்து, விசாரணை நீண்டு, 2017-இல் அவருக்கு 25 ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பானது.

இதை ஏன் சொல்கிறேன்? தணிக்கை, கேமரா, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இது நடந்தது; அவை இருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு டி.பி. படத்தோடு நடக்கும் "குலுக்கலை" யார் தணிக்கை செய்வது?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் லாட்டரியை மாநில அரசு நடத்தலாம். அதற்கு 1998-ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சீட்டை அரசே தன் முத்திரையோடு அச்சடிக்க வேண்டும். குலுக்கலை அரசே, அந்த மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு கொடுக்கக் கூடாது. யாரும் கேட்டு வராத பரிசுப் பணம் அரசுக்குச் சேரும். முக்கியமாக, ஒரு மாநிலம் வேண்டாம் என்று முடிவெடுத்தால், பிற மாநில லாட்டரிகளின் விற்பனையையும் தன் எல்லைக்குள் தடை செய்யலாம். தமிழ்நாட்டின் நிலை அதுதான். மீறி விற்றால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்கு அந்தச் சட்டத்தில் இடமுண்டு. இது தவிர, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

வெளிநாட்டு லாட்டரிக்கு வேறொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்நியச் செலாவணி விதிகள் 2000-இன்படி, லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது. ஆகவே "லண்டன் லாட்டரியில் விழுந்திருக்கு, ஆயிரம் பவுண்டு கட்டுங்க" என்றால், அதில் இரண்டு பொய், ஒரு சட்டமீறல்.

எல்லை ஓர மக்களின் கேள்வி

தென்காசி, கோவை, தேனிப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "சார், நாங்க ஆரியங்காவு, வாளையார், குமுளி போய்க் கேரளா டிக்கெட் வாங்கினா தப்பா?" அங்கே போய், அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவது செல்லும். 2023 ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்து, திருப்பூர்ப் பக்கத்து நால்வருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அதே சீட்டை இங்கே கொண்டுவந்து விற்பது குற்றம்.

கேரள அரசு லாட்டரி 1967-இல் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50 ஆயிரம். இன்றைக்கும் அது காகிதச் சீட்டு மட்டும்தான். இணையத்தில் விற்பனை கிடையாது. "கேரளா லாட்டரி ஆன்லைன்" என்று எந்தப் பக்கம், எந்த ஆப் வந்தாலும் அது போலி. இந்த ஒரு வரியை மையத்தில் எழுதியே ஒட்டிவைக்கலாம்.

பரிசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 25 கோடியில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி போகும். மீதி 22.5 கோடியில் வருமான வரிப் பிடித்தம் 30 சதவீதம், 6.75 கோடி. கைக்கு வருவது 15 கோடியே 75 லட்சம். அதன் மேல் சர்சார்ஜ், செஸ் என்று வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இன்னும் கட்ட வேண்டியிருக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிடித்தம் எல்லாம் பரிசிலிருந்தே கழிகிறது. வென்றவர் முன்கூட்டி ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை.

"கார் விழுந்தா வரி கட்டணும்னு சொல்றாங்களே?" என்று ஒருவர் விவரமாகக் கேட்பார். பணமாக இல்லாமல் பொருளாகப் பரிசு கிடைத்தால், வரி கட்டியதை உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையைத்தான் மோசடிக்காரன் கடன் வாங்கிக்கொள்கிறான். ஆனால் அந்த வரி அரசு சலான் வழியாக வருமான வரித் துறைக்குப் போகும். ஒரு தனி ஆளின் யுபிஐ எண்ணுக்குப் போகாது.

மூன்று நம்பர் லாட்டரி

நம் ஊர்களில் ரகசியமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரிக்கும் கேரள அரசுக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே வெளியாகும் முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை இரவல் வாங்கி, துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நடத்தும் சூதாட்டம் அது. அச்சடித்த சீட்டு இல்லை, அரசு முத்திரை இல்லை, பரிசு தராவிட்டால் கேட்க ஆள் இல்லை.

கணக்குப் போடுங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண். உதாரணத்துக்கு ஒரு எண்ணுக்குப் பத்து ரூபாய், பரிசு ஐயாயிரம் என்று வைப்போம். ஆயிரம் எண்ணும் போனால் வசூல் பத்தாயிரம், கொடுப்பது ஐயாயிரம். மீதிப் பாதி நடத்துகிறவன் வீட்டுக்கு. தினமும் நூறு ரூபாய்க்குக் கட்டுகிற கூலித் தொழிலாளி மாதம் மூவாயிரம் கட்டுகிறார். சராசரியாக அதில் 1,500 திரும்பாது. எப்போதோ ஒரு நாள் விழுகிற ஐயாயிரம் மட்டும் நினைவில் நிற்கும். போனது நினைவில் நிற்காது. "போன வாரம் 431 வந்துச்சு, இந்த வாரம் வராது" என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. குலுக்கலுக்குப் போன வாரம் ஞாபகம் இருக்காது.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர் போனது. மூன்று நம்பர் லாட்டரியில் விட்ட பணமும் கடனும் அதன் பின்னால் இருந்தன. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடன் வாங்குகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், திட்டாதீர்கள். 104 என்ற எண்ணிலோ, டெலி-மானஸ் சேவையின் 14416-இலோ மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி, நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

மையத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை

பரிசுச் செய்தியோடு ஒருவர் வந்தால், உட்காரவைத்து நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: "நீங்க சீட்டு வாங்கினீங்களா?" வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. "உங்க மொபைல் நம்பருக்கு விழுந்திருக்கு" என்பது லாட்டரியே இல்லை.

இரண்டு: "பணம் அவங்க தர்றாங்களா, உங்ககிட்ட கேட்கிறாங்களா?" பிராசஸிங் கட்டணம், ஜிஎஸ்டி, சுங்கம், ரிசர்வ் வங்கி அனுமதி, எந்தப் பெயரில் கேட்டாலும் ஒன்றுதான். ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, பரிசும் அனுப்புவதில்லை.

மூன்று: "யார் பெயருக்குப் போடச் சொல்றாங்க?" யுபிஐயில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வரும். அதை அவருக்கே காட்டுங்கள். "அரசாங்க லாட்டரின்னு சொன்னாங்க, இங்க ஒரு தனி ஆள் பேர் வருதே?" என்று கேட்டால், பல சமயம் அவருக்கே புரிந்துவிடும்.

நான்கு: "ஓடிபி சொன்னீங்களா? ஏதாவது ஆப் இறக்கினீங்களா?" ஆம் என்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறு போனில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டதா? அழுகையை அப்புறம் பார்க்கலாம், முதலில் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். செய்தியை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய உதவுங்கள். பிறகு, "போன பணத்தை மீட்டுத் தரேன், ஐயாயிரம் அனுப்புங்க" என்று இன்னொருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தரேன்" என்று ஊரில் இளைஞர்களிடம் கேட்பார்கள். ஏமாற்றிய பணம் அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. போலீஸ் முதலில் தட்டுவது கணக்கு வைத்திருப்பவர் கதவை. அடுத்தது, லாட்டரிச் சீட்டைக் கொடுத்துக் கலர் ஜெராக்ஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள். கேரளத்தில் சீட்டு விற்பவர்களில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நிறையப் பேர். அப்படிப்பட்ட நகலை அவர்களிடம் காட்டிப் பரிசுப் பணம் பறிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஏமாந்து வருகிறவரைப் பார்த்து, "பேராசை பிடிச்சு போனீங்களா?" என்று யாரும் கேட்க வேண்டாம். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, அடைக்க முடியாத கடன், இவற்றுக்கு ஒரு வழி கிடைக்காதா என்ற தவிப்பைத்தான் அந்தச் செய்தி பிடித்துக்கொள்கிறது. அதே தவிப்போடு வருகிறவருக்கு முதியோர் ஓய்வூதியம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், கல்வி உதவித்தொகை என்று அவருக்கு உரிமையானவற்றைப் பதிவு செய்து கொடுக்க உங்களால் முடியும். தொகை சின்னதாக இருக்கலாம். ஆனால் இதில் குலுக்கல் கிடையாது. தகுதி இருந்தால் கேட்டு வாங்கலாம்.